பைபாஸ் வந்தது... பரபரப்பு போனது! - பாலைவன நடுவே காத்திருக்கும் 'ஆம்பாய்'

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ நகருக்கும் நீடில்ஸ் நகருக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது ஆம்பாய். இரண்டு பக்கமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளி. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கஃபே, வெள்ளையடித்த சில குட்டி அறைகள், ஒரு தபால் நிலையம், பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடம், ஆளில்லாத தேவாலயம், தண்டவாளம்... ஊர் அவ்வளவுதான். நிரந்தரமாக வசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால், ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு ஒரு போர்டு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. 50 அடி உயரம். சிவப்பும் கறுப்புமாக, தரையை நோக்கிப் பாயும் அம்பு போன்ற வடிவம். அதில் 'ராய்ஸ்' என்று எழுதியிருக்கிறது. 'ரூட் 66' பற்றி வரும் புகைப்படப் புத்தகம், காலண்டர், டீ-ஷர்ட் எதை எடுத்தாலும் இந்த போர்டு கண்ணில் படாமல் போகாது.

இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய போர்டு? ஒருகாலத்தில் இங்கே சுமார் 700 பேர் வசித்தார்கள், ராய்ஸில் மட்டுமே 70 பேர் வரை வேலை பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். இரவு பகல் பாராமல் கார்கள் வரிசைகட்டி நின்ற இடம் இது. அந்தக் கூட்டம் படிப்படியாகக் குறையவில்லை. 1973-ல், வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி ஒரு புதிய சாலை திறக்கப்பட்டதும் காணாமல் போய்விட்டது.

அகர வரிசையில் பிறந்த ஊர்

பொதுவாக ஓர் ஊரின் பெயருக்குப் பின்னால் ஆறு, மலை, கோயில், மன்னர் என ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆம்பாய்க்கு அப்படி எதுவும் இல்லை. ஆங்கில அகர வரிசையில் 'ஏ' முதல் எழுத்து என்பதுதான் காரணம்!

1883-ல் 'அட்லாண்டிக் அண்ட் பசிபிக்' ரயில்வே இந்தப் பாலைவனத்தின் வழியே கிழக்கையும் மேற்கையும் இணைத்தது. நிலக்கரியும் தண்ணீரும் குடித்து ஓடிய நீராவி என்ஜின்கள் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நின்றே ஆக வேண்டும். அந்த நிறுத்தங்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு லூயிஸ் கிங்மேன் என்ற பொறியாளருக்கு வந்தது. அவர் மேற்கிலிருந்து கிழக்காக எழுத்து வரிசைப்படி பெயர்களை அடுக்கிவிட்டார். ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டேன்பி... இப்படியே ஃபென்னர், காஃப்ஸ், ஹோமர் என்று நீள்கிறது பட்டியல். (அந்தப் பொறியாளரின் பெயரில் அரிசோனாவில் ஒரு நகரமே இருக்கிறது. அவர் பெயர் சூட்டிய ஊர்கள்தான் பாவம், பெரும்பாலும் வரைபடத்தில் புள்ளிகளாகச் சுருங்கிவிட்டன.)

விவசாயம் செய்யவோ, வீடு கட்டிக் குடியேறவோ ஏற்ற இடம் என்று யாரும் ஆம்பாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டி நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது, நின்ற இடத்தில் ஊர் முளைத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

எரிமலை ஒரு பக்கம்... உப்பு ஏரி மறுபக்கம்!

ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் கறுப்பாக ஒரு குன்று தெரியும். பக்கத்தில் போனால்தான் அது குன்றல்ல, அணைந்துபோன எரிமலை என்பது புரியும். பெயர் 'ஆம்பாய் கிரேட்டர்'. சுமார் 75 மீட்டர் உயரமும், அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. உலைக்களத்துக் கசடு போன்ற கறுப்புக் கற்கள் குவிந்து உருவான கூம்பு. அதிலிருந்து வழிந்த எரிமலைக்குழம்பு சுற்றிலும் 60 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி, கரிய பாறைக்காடாக உறைந்து கிடக்கிறது. 1973-ல் இதை தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். ஆம், ஊர் களையிழந்த அதே ஆண்டு!

1940-களில் குறும்புக்காரர்கள் சிலர் பழைய டயர்களை எரிமலை வாய்க்குள் போட்டுக் கொளுத்த, புகையைப் பார்த்து நெடுஞ்சாலையில் போனவர்கள் வெலவெலத்துப் போனார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, ஆம்பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

தெற்குப் பக்கம் இன்னொரு விசித்திரம். பிரிஸ்டல் ஏரி. பெயர்தான் ஏரி, தண்ணீர் கிடையாது. பள்ளத்தாக்கின் அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு படிந்த தரை. சுற்றியுள்ள மலைகளில் எப்போதாவது பெய்யும் மழை இங்கேதான் வந்து சேரும். வெளியே போக வழியில்லை என்பதால் வெயிலில் வற்றி, கொண்டுவந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். காலங்காலமாக இதே கதைதான்.

அந்த உப்பிலும் ஒரு பிழைப்பு இருக்கிறது. தரையில் நீளமாகக் கால்வாய் வெட்டினால் அடர்த்தியான உப்புநீர் ஊறிவரும். வெயிலில் காயவிட்டால் முதலில் சாதாரண உப்பு படிந்துவிடும். மிச்சமாகும் கரைசலில் கால்சியம் குளோரைடு இருக்கும். குளிர் மாகாணங்களில் சாலைப் பனியைக் கரைக்கவும், மண் சாலைகளில் புழுதி அடங்கவும் பயன்படும் ரசாயனம் இது. ஆம்பாய் பக்கம் போகிறவர்கள் சாலையோரத்தில் வெளிர் நீல நிறத்தில் நீளநீளமான நீர்ப்பாத்திகளைப் பார்த்து வியப்பது இதைத்தான். ஊர் அடங்கிப்போன பிறகும் இந்தத் தொழில் நிற்கவில்லை.

ஆனால், உப்புக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு விலை உண்டே? இங்கே நிலத்தடி நீரும் உப்புதான். ஆண்டு மழை 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தொடும். குடிதண்ணீரை வெளியூரிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு என்ற நிலையில்தான் ஒரு தலைமுறையே இங்கே கடை நடத்தியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

மாமனார் தொடங்கினார்... மருமகன் வளர்த்தார்!

1926 நவம்பரில் 'ரூட் 66' அதிகாரபூர்வ நெடுஞ்சாலையானது. சிகாகோவில் தொடங்கி மேற்குக் கடற்கரையில் முடியும் சுமார் 3,900 கிலோமீட்டர் நீள வழித்தடம். ஏற்கெனவே இருந்த பல சாலைகளை ஒன்றாகக் கோத்து உருவாக்கியது. ஆம்பாய் அதில் ஒரு கண்ணி.

1930-களில் வறட்சியும் புழுதிப்புயலும் ஓக்லஹோமா உள்ளிட்ட மாகாணங்களை வாட்டியபோது, விவசாயக் குடும்பங்கள் மெத்தை, பாத்திரம், பாட்டி என சகலத்தையும் பழைய காரில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பிழைப்பு தேடிக் கிளம்பின. அந்தப் பயணத்தின் கொடுமையான கட்டம் இந்தப் பாலைவனம். ரேடியேட்டர் கொதித்து கார் நின்றால் உயிருக்கே ஆபத்து. வெயிலுக்கு பயந்து இரவில் மட்டும் ஓட்டியவர்களும், காரின் முன்பக்கம் கேன்வாஸ் தண்ணீர்ப் பையைக் கட்டித் தொங்கவிட்டுக் கிளம்பியவர்களும் உண்டு. ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் வெளியான தன் நாவலில் இந்தச் சாலைக்கு 'தாய்ச் சாலை' என்று பெயர் வைத்தது இவர்களை மனதில் வைத்துத்தான்.

அந்த நாவல் வெளிவருவதற்கு ஒரு வருடம் முன்பு, 1938-ல், ராய் க்ரோல் என்பவர் ஆம்பாயில் ஒரு பெட்ரோல் பங்க் திறந்தார். மகளை மணந்துகொண்ட பஸ்டர் பரிஸ், மாமனாரோடு தொழிலில் சேர்ந்தார். பங்க்கோடு ஒரு கேரேஜ், கேரேஜுக்குப் பக்கத்தில் கஃபே, அப்புறம் தங்குவதற்குச் சிறு அறைகள் என ஒவ்வொன்றாக வளர்ந்தது ராய்ஸ்.

கணக்கு எளிமையானது. பாலைவனத்தில் கார் ரிப்பேரானால் வேறு போக்கிடம் கிடையாது. என்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய ராத்திரி முழுக்க ஆகும். அதுவரை கார்க்காரர் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். ஒரு கார் நின்றால் மூன்று கடைக்கு வியாபாரம்!

ஊருக்கு வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கிற ரகமில்லை பரிஸ். பார்ஸ்டோவிலிருந்து மின்சாரக் கம்பியை, பழைய ஸ்டூட்பேக்கர் பிக்கப் வண்டியில் கம்பங்களை ஏற்றிவந்து தானே நட்டு இழுத்துவந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஜெனரல் பேட்டன் இந்தப் பாலைவனப் பரப்பில் பிரமாண்டமான ராணுவப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கையில் காசும் காரும் புழங்க ஆரம்பித்தன. விடுமுறை என்றால் குடும்பத்தோடு மேற்கே கிளம்பிவிடுவார்கள். ராய்ஸ் 24 மணி நேரமும் திறந்திருந்தது.

1959-ல் அந்தப் புகழ்பெற்ற போர்டு வந்தது. விண்வெளி யுகத்தின் தொடக்கம் அல்லவா? ராக்கெட்டை நினைவுபடுத்தும் கூர்மையான கோணங்கள், சாய்ந்த கூரை, பெரிய கண்ணாடி ஜன்னல் என்று அப்போது கலிபோர்னியாவில் 'கூகி' பாணி கட்டடக்கலை சக்கைபோடு போட்டது. போர்டும் அதே பாணி, மோட்டலின் வரவேற்பறையும் அதே பாணி. இரவில் நியான் விளக்கு எரிந்தால் பல மைல் தூரத்திலேயே தெரியும். களைத்துப்போன டிரைவருக்கு அதைவிட ஆறுதலான காட்சி என்ன இருந்திருக்க முடியும்?

மலையை உடைக்க 22 அணுகுண்டுகள்!

இரட்டைத்தடச் சாலையில் நெரிசல் தாங்கவில்லை. அதிவேக 'இன்டர்ஸ்டேட்' நெடுஞ்சாலைகளை நாடெங்கும் போடும் திட்டம் 1956-ல் சட்டமானது. பார்ஸ்டோவையும் நீடில்ஸையும் இணைக்கும் இன்டர்ஸ்டேட் 40 எங்கே போவது என்ற கேள்வி வந்தது. பழைய சாலை ஆம்பாய் வழியாகத் தெற்கே வளைந்து போகிறது. நேர்க்கோட்டில் போட்டால் தூரம் மிச்சம். ஆனால் குறுக்கே பிரிஸ்டல் மலைத்தொடர் நிற்கிறது.

அப்போது முளைத்த யோசனையை இன்று படித்தால் தலை சுற்றும். மலையை அணுகுண்டு வைத்துத் தகர்க்கலாமே!

நிஜம்தான். அணுவெடிப்பைக் கட்டுமான வேலைகளுக்குப் பயன்படுத்தும் 'ப்ளோஷேர்' என்றொரு திட்டத்தை அமெரிக்க அணுசக்தி ஆணையம் அப்போது நடத்திக்கொண்டிருந்தது. அதோடு கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையும், தன் பாதையையும் நேராக்கிக்கொள்ள விரும்பிய சான்டா ஃபே ரயில்வேயும் கைகோத்தன. 1963-ல் ஆய்வு முடிந்தது. 22 அணுகுண்டுகளை வரிசையாகப் புதைத்து வெடித்தால் மலையில் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆழமான இடத்தில் நூறு மீட்டரையும் தாண்டி, பள்ளம் விழும். அதன் வழியே ரயிலும் சாலையும் போகலாம். செய்ய முடியும் என்றே முடிவு வந்தது! 22 குண்டுகளின் மொத்த சக்தி ஹிரோஷிமா குண்டைப்போல நூறு மடங்குக்கும் மேல். 'ப்ராஜெக்ட் கேரியால்' என்பது இதன் பெயர்.

குண்டு வைக்கத் திட்டமிட்ட இடம் ஆம்பாய்க்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குள் இருந்தது. சாப்பிட வந்தவர்களுக்கு ராய்ஸில் பர்கர் பரிமாறிக்கொண்டிருந்த அதே வருடங்களில், பக்கத்து மலையின் வரைபடத்தில் குண்டுகளுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, திட்டம் இழுபட்டுக்கொண்டே போக, மாநில அரசு பின்வாங்கியது. 1960-களின் நடுவிலேயே கைவிடப்பட்டது.

ஆக, அணுகுண்டிலிருந்து ஆம்பாய் தப்பியது. சாலையிலிருந்து தப்பவில்லை. வழக்கமான முறையிலேயே மலையைக் குடைந்து 1973-ல் இன்டர்ஸ்டேட் 40 திறக்கப்பட்டது. சீறிப்பாயும் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, சுற்றுவழியில் ஆம்பாய்க்கு வர யாருக்கு என்ன தலையெழுத்து? கார்களும் இப்போது முன்புபோல வழியில் கொதித்து நிற்பதில்லை. ஏ.சி போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பாலைவனத்தைக் கடந்துவிடுகிறார்கள். ரயில்களும் டீசலுக்கு மாறியதால் தண்ணீருக்காக நிற்கத் தேவையில்லை. நிற்பதற்காகவே பிறந்த ஊரில் நிற்க யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

மேற்கே 45 கிலோமீட்டரில் இருக்கும் லுட்லோவைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அதுவும் இதே மாதிரி பாலைவன ரயில் நிறுத்தம்தான். ஆனால், புதிய சாலை அதை உரசிக்கொண்டு போகிறது, இறங்க வழியும் இருக்கிறது. அங்கே பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் இன்றைக்கும் ஓடுகின்றன. ஆம்பாயில் பரிஸ் உழைத்த அளவுக்கு அங்கே யாராவது உழைத்தார்களா என்பது கேள்வியே இல்லை. பொறியாளர் போட்ட கோடு எந்தப் பக்கம் போனது என்பதுதான் கேள்வி.

1985-ல் 'ரூட் 66' என்ற நெடுஞ்சாலையே அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2006-ல் வெளியான 'கார்ஸ்' அனிமேஷன் படத்தைக் குழந்தைகளோடு பார்த்தவர்களுக்கு ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் நினைவிருக்கும். அது கற்பனை ஊர். ஆனால், பைபாஸால் கைவிடப்பட்ட அந்தச் சோகம் இந்தச் சாலையில் இருந்த ஏராளமான ஊர்களின் சொந்தக் கதை.

ஊரையே வாங்கிய சிக்கன் கடைக்காரர்

கூட்டம் போன பிறகும் பஸ்டர் பரிஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் நடத்திப் பார்த்தார். 1990-களின் நடுவில் வேறு கைக்குப் போனது. 1999-ல் பள்ளியும் மூடப்பட்டது. 2000-ல் பரிஸ் காலமானார். வாங்கியவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2003-ல் இபே தளத்தில் விற்பனைக்கு விட்டும் பார்த்தார்கள். கடைசியில் ஊர் மறுபடி பரிஸ் குடும்பத்திடமே திரும்பியது.

2005-ல் அதை வாங்கியவர் ஆல்பர்ட் ஒக்குரா. 'வான் பொயோ' என்ற சிக்கன் கடைகளின் நிறுவனர், ஜப்பானிய அமெரிக்கர். பழையவற்றின் மீது தீராத மோகம் கொண்டவர். மெக்டொனால்ட் சகோதரர்கள் சான் பெர்னார்டினோவில் தங்கள் முதல் 'மெக்டொனால்ட்' உணவகத்தை நடத்திய இடத்தையும் ஏற்கெனவே வாங்கி, அங்கே அருங்காட்சியகம் வைத்திருந்தார். ஆம்பாய்க்கு அவர் கொடுத்த விலை 4,25,000 டாலர். கூடவே ஒரு வாக்குறுதியும் தந்தார். ஊரை இடிக்காமல் காப்பேன், ராய்ஸை மீண்டும் திறப்பேன்.

சொல்வது சுலபம். குடிக்கத் தகுந்த தண்ணீர் இல்லாத ஊரில் சமையல்கட்டு எப்படி நடத்துவது? கழிவுநீருக்கு என்ன வழி? பல வருடங்கள் மூடிக்கிடந்த கட்டடங்களை இன்றைய விதிமுறைகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். 2008 ஏப்ரலில் பெட்ரோல் பங்க் திறந்தது. கஃபேயில் குளிர்பானமும் நொறுக்குத்தீனியும் நினைவுப்பொருள்களும் விற்கத் தொடங்கினார்கள். 2019 நவம்பரில் பெரிய போர்டின் நியான் விளக்குகள் மறுபடி எரிந்தன. பழைய ரூட் 66 அன்பர்கள் பாலைவனத்து இருட்டில் திரண்டுவந்து அதைக் கொண்டாடினார்கள்.

மோட்டல் அறைகளில் விருந்தினர்கள் தங்குவதைப் பார்க்காமலே 2023 ஜனவரியில் ஒக்குரா இறந்துபோனார். பொறுப்பு இப்போது அவருடைய குடும்பத்தின் கையில். போர்டில் 'அறை காலி' என்ற எழுத்துகள் இன்னும் இருக்கின்றன.

இப்போது வருபவர்கள் யார்?

ஆம்பாய்க்கு இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கோ போகிறவர்கள் இல்லை. பழைய ரூட் 66-ஐத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் மோட்டார் சைக்கிள் கூட்டம், புகைப்படக்காரர்கள், சினிமா, விளம்பரப் படக்குழுவினர். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் குறுக்குவழியில் போகிறவர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். 2016-ல் சுற்றியுள்ள பாலைவனப் பரப்பு 'மொஹாவி ட்ரெயில்ஸ்' தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதும் ஒரு ஊக்கம். சாலையோர மண்கரைகளில் வந்தவர்கள் எல்லாம் கற்களை அடுக்கித் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். பல கிலோமீட்டருக்கு நீள்கிறது இந்தப் பெயர்ப்பட்டியல்.

அந்த மண்கரைகள் அழகுக்காக எழுப்பப்பட்டவை அல்ல. பாலைவனத்தில் திடீரென வரும் வெள்ளம் சாலையை அரித்துவிடாமல், பாலங்களை நோக்கித் திருப்பிவிடப் போட்டவை. இந்தத் தடத்தில் 1930-களில் கட்டிய மரப்பாலங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. அவை இப்போது ஒவ்வொன்றாகக் கைவிரிக்கின்றன. சமீப ஆண்டுகளின் வெள்ளத்தில் பல பாலங்கள் சேதமாகி, ஆம்பாய்க்குக் கிழக்கே பழைய சாலையின் சில பகுதிகள் நீண்டகாலம் மூடப்பட்டன. அப்படி மூடும்போதெல்லாம் ராய்ஸ் கஃபேக்கு வர ஒரு வழி குறைந்துவிடுகிறது. மாவட்ட நிர்வாகம் பாலங்களைப் படிப்படியாக மாற்றிவருகிறது. ஒரு நாளைக்குச் சில கார்கள் போகிற சாலைக்கு இவ்வளவு செலவு தேவையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சுலபமில்லைதான். ஆனால், சாலை போனால் ஆம்பாயும் போய்விடும் என்பது ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்ட விஷயம்.

அமெரிக்கப் பயணத்தில் இந்தப் பக்கம் போகும் திட்டம் இருந்தால் சில விஷயங்கள். குளிர்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான் ஏற்ற நேரம். கோடையில் எரிமலை ஏறப்போய் வெயிலில் சுருண்டு உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அந்த விஷப்பரீட்சை வேண்டாம். குடிதண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். டேங்கையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ராய்ஸில் பெட்ரோல் விலை கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும் பலர் பாதி டேங்க் இருக்கும்போதே அங்கே நிறுத்தி, கொஞ்சமாவது போட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.